முழங்காலுக்குக் கீழே: ஹன்னா - பார்பெரா கார்ட்டூன்கள் பற்றிச் சில குறிப்புகள்

இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஊர்ல எரியற பிரச்சினை எவ்வளவோ கெடக்கு. நீங்க பூனை, எலி படத்துக்கு விமர்சனம் எழுதப் போறீங்களாக்கும்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் பாடப்புத்தகத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இந்தப் பூனையையும் எலியையும்தான். பாடப்புத்தகத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். கார்ட்டூனை மட்டும், 'அட, குழந்தைகள் படம்தானே' என்று விட்டுவிட்டோம்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990களின் கடைசியில் அம்மா டவுனில் ஒரு வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கொல்லைப்புறப் படிக்கட்டுதான் எனக்கான இடம். யாரும் உட்காராதே என்று சொன்னதில்லை, யாரும் உள்ளே வா என்றும் சொன்னதில்லை. அந்தப் படியில் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் கூடத்து டி.வி. கோணலாகத் தெரியும். கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் இந்தியாவுக்கு வந்திருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் சாமி. அங்கேதான் டாமையும் ஜெர்ரியையும் முதலில் பார்த்தேன். ஒருநாள் அந்தப் படத்தில் இரண்டு கால்கள் வந்தன. கறுப்புக் கால்கள். தடித்துத் தொங்கும் காலுறை, தேய்ந்துபோன செருப்பு, கையில் விளக்குமாறு. முகம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவே இல்லை. "எங்கம்மா மாதிரியே இருக்கு" என்று படியிலிருந்து சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த வீட்டில் 'டாம் ஆயா' என்று பெயர். ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்து அம்மாவும் சிரிப்பார். எனக்குத்தான் வயிறு எரியும். பேர் வாங்கிக் கொடுத்தவள் நான்தானே.

பிற்பாடு எம்.ஏ. படிக்கிற காலத்தில் அந்தக் கால்கள் யாருடையவை என்று தேடிப் படித்தேன். மேமி டூ ஷூஸ் என்பது அவளுக்கு வைத்த பெயர். 'மேமி' என்பது அமெரிக்க அடிமை முறையின் காலத்திலிருந்து வருகிற சொல். தன் குழந்தையை விட்டுவிட்டு எஜமானின் குழந்தையை வளர்த்த கறுப்புத் தாய்க்கு வெள்ளையர்கள் வைத்த 'பாசமான' பெயர். 'டூ ஷூஸ்' என்றால் ரெண்டு செருப்பு. அவ்வளவுதான் அவள்: ஒரு தாதி, ரெண்டு செருப்பு. 1940இல் வந்த முதல் படத்திலேயே இருக்கிறாள். 1952 வரை வந்துபோகிறாள். அவளுக்குக் குரல் கொடுத்தவர் லில்லியன் ரேண்டால்ஃப் என்கிற கறுப்பின நடிகை. படத்தில் அவருடைய பெயர் போடவில்லை. ஆக, வரையப்பட்டவளுக்கு முகம் இல்லை, பேசியவளுக்குப் பெயர் இல்லை.

பூனையின் கண்மட்டத்திலிருந்து பார்த்தால் மனிதரின் கால்தானே தெரியும், இது வெறும் காட்சிக்கோணம், இதில் போய் இனவாதம் தேடுகிறாயே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கொஞ்சநாள் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் 1956இல் அதே வரிசையில் குழந்தை பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண் வருகிறாள். அவளுக்கு முகம் இருக்கிறது, கூந்தல் இருக்கிறது, காதோடு ஒட்டிய டெலிபோன் இருக்கிறது. வேலை பார்க்காமல் போனில் கதை பேசுவதற்கும் அவளுக்கு உரிமை இருக்கிறது. பூனையின் உயரம் ஒன்றும் மாறிவிடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இந்த இருவரும் அப்போது எம்.ஜி.எம். கம்பெனியில் சம்பளக்காரர்கள். டாம் அண்ட் ஜெர்ரி ஏழு ஆஸ்கர் வாங்கியது. மேடையேறி வாங்கிக்கொண்டவர் தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பி. வரைந்தவன் ஒருத்தன், வாங்கினவன் ஒருத்தன். பழைய படங்களையே திரும்பத் திரும்ப ஓட்டினால் போதும், பணம் வரும் என்று கணக்குப் போட்டு 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவையே மூடியது. ஒரே ஒரு டெலிபோன் அழைப்பில் எல்லாருக்கும் வேலை போயிற்று. உழைப்பைப் பிறர் விழுங்குவது எப்படியிருக்கும் என்று இவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் தங்கள் படத்தில் உழைக்கிறவளின் தலையை வெட்டித்தான் காட்டினார்கள்.

இனி, எனக்கு அதிகம் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. இந்தப் பாத்திரத்தை எதிர்த்தது. சரியான எதிர்ப்பு. பதில் என்ன கிடைத்தது? 1960களில் இந்தப் படங்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனபோது எம்.ஜி.எம்மில் இருந்த சக் ஜோன்ஸின் குழு உட்கார்ந்து அவளைத் துடைத்தது. சில படங்களில் அவளுடைய காலை வெள்ளைக் காலாக மாற்றினார்கள். குரலை ஐரிஷ்காரப் பெண்ணின் உச்சரிப்பாக மாற்றினார்கள். ஜூன் ஃபோரே என்ற வெள்ளை நடிகை பேசினார். அவளுக்கு ஒரு முகம் வரைந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. விளக்குமாறு அப்படியே இருக்கிறது, பிடிக்கிற கையின் நிறம்தான் மாறியது.

1950இல் வந்த 'சாட்டர்டே ஈவினிங் புஸ்' என்ற ஒரு படத்தைப் பாருங்கள். அதில் அவள் வேலைக்காரியாகவே வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தோழிகளோடு சீட்டு விளையாடும் சங்கத்துக்குக் கிளம்பிப் போகிறாள். அவள் போனதும் பூனைகள் கூடிக் கூத்தடிக்கின்றன. தூங்க முடியாத எலி டெலிபோன் போட்டுச் சொல்கிறது. அவள் தெருவில் தலைதெறிக்க ஓடி வருகிறாள், பூனைகளை அடித்துத் துரத்துகிறாள், பிறகு அலுத்துப்போய்ப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கிறாள். விளக்குமாறு பிடித்தவளுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்த படம் அது. டி.வி.க்கான திருத்தத்தில் அவளை எடுத்துவிட்டு, ஒல்லியான ஒரு வெள்ளைக்காரச் சிறுபெண்ணை வைத்தார்கள். அந்தப் பெண் நடனமாடப் போகிறாள். மற்ற படங்களில் அவளைத் துடைத்தது சரி, தப்பு என்று விவாதிக்கலாம். இதில் அவளுடைய ஒரே ஒரு சனிக்கிழமையையும் பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பழக்கம்தான். சாதிப் பெயரைச் சொல்லாதே என்று சட்டம் வந்ததும், பெயரைச் சொல்லாமல் வாசலில் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள் இல்லையா?

1990களில் டர்னர் கம்பெனி தியா விடேல் என்கிற கறுப்பின நடிகையை வைத்து, கொச்சை உச்சரிப்பைக் குறைத்து மறுபடியும் குரல் பதிவு செய்தது. நான் படியில் உட்கார்ந்து கேட்டது அந்தக் குரலாகத்தான் இருக்கும். 2005இல் குறுந்தகடாக வெளியிட்டபோது முன்னுரை பேசிய வூப்பி கோல்ட்பெர்க், இவற்றை வெட்டி எடுத்தால் அப்படியொரு பாரபட்சம் இருந்ததே இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும் என்ற பொருளில் பேசினார். எனக்கும் அதுதான் கட்சி. தடை செய், கொளுத்து என்கிற தோழர்களோடு இந்த இடத்தில் நான் உடன்படவில்லை. அந்தக் கால்கள் அங்கேயே இருக்கட்டும். பார்க்கிறவர்கள் முகம் எங்கே என்று கேட்கட்டும்.

வேலை போன ஹன்னாவும் பார்பெராவும் 1957இல் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார்கள். இனிமேல் சினிமாக் கொட்டகை இல்லை, டி.வி.தான். எம்.ஜி.எம்மில் ஏழு நிமிடப் படத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் செலவழித்தவர்களுக்கு, டி.வி.யில் ஐந்து நிமிடத்துக்கு மூவாயிரம் டாலர் அளவில்தான் கிடைத்தது. அதற்குள் முடிக்க ஒரு வழி கண்டார்கள். உடம்பை அசையாமல் வைத்துவிட்டு வாயை மட்டும் அசைப்பது. யோகி கரடியின் கழுத்தில் ஏன் காலர், டை என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தக் காலர்தான் வெட்டுக்கோடு. அதற்கு மேலே தலையை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தால் போதும், கீழே உள்ள உடம்பு ஒரே படம்தான். ஒருவன் ஓடும்போது பின்னால் அதே சன்னல், அதே மேசை திரும்பத் திரும்ப வருவதும் இதே சிக்கனம்தான். இதைக் கலையின் சீரழிவு என்று சொல்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லாத காசில் சிரிக்க வைத்தது ஒரு திறமைதான். ஆனால் ஒரு விநோதம் பாருங்கள். அவளுக்குக் கழுத்துக்கு மேலே இல்லை, இவர்களுக்குக் கழுத்துக்கு மேலே மட்டும்தான்.

1960 செப்டம்பர் 30 அன்று ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடங்கியது. ஆறு ஆண்டு, 166 வாரக்கதைகள். பெரியவர்கள் பார்க்கிற இரவு நேரத்தில் வந்த தொடர். கற்காலத்தில் ஒரு அமெரிக்கப் புறநகர். ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோன் கல்குவாரித் தொழிலாளி. டைனோசர்தான் அவன் ஓட்டுகிற கிரேன். சங்கு ஊதியதும் அதன் வாலில் சறுக்கி இறங்கி வீட்டுக்கு ஓடுகிறான். சொந்த வீடு, கார், பக்கத்து வீட்டு நண்பன், வார இறுதியில் பந்து உருட்டும் விளையாட்டு. நம்ம பக்கத்தில் கல்குவாரி என்றால் என்ன நினைவுக்கு வரும்? முன்பணம், கடன், வெடியில் போன விரல், இருமல். வெள்ளைத் தொழிலாளிக்கு அந்தக் காலத்து அமெரிக்கா கொடுத்த வாழ்க்கை இது. ஃபிரெட்டுக்கு முதலாளி மேல் பயம் உண்டு, பணத்தட்டுப்பாடு உண்டு. அதனால் அவனை எனக்குப் பிடிக்கவும் செய்யும்.

ஆனால் அந்த வீட்டில் வேலை யார் செய்கிறார்கள்? பிராணிகள். குட்டி மாமூத் யானை தும்பிக்கையால் தூசி உறிஞ்சுகிறது. பறவையின் அலகு கிராமபோன் முள்ளாகச் சுற்றுகிறது. கழுவுதொட்டிக்குக் கீழே இருட்டில் ஒரு பிராணி குந்தியிருந்து எச்சில் முழுவதையும் தின்கிறது. வேலை செய்து முடித்துவிட்டு அது நம் பக்கம் திரும்பி, "என்ன பண்றது, வயித்துப் பொழப்பு" என்கிற மாதிரி ஒரு வசனம் சொல்கிறது. வீட்டுக்காரர்களிடம் சொல்வதில்லை. நம்மிடம் மட்டும் சொல்கிறது. உடனே சிரிப்புச் சத்தம். இந்த நகைச்சுவை அந்தத் தொடரின் உயிர்நாடி. நானும் சிரித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் கழுவுதொட்டிக்கு அடியில் இருக்கிற அந்தப் பிராணியை விட்டு என் கண் நகரமாட்டேன் என்கிறது. எச்சில் இலை எடுக்கிறவன் கல்யாண வீட்டில் எங்கே நின்று சாப்பிடுவான் என்று பார்த்து வளர்ந்த கண் இது.

முதல் சில ஆண்டுகள் இந்தத் தொடருக்கு வின்ஸ்டன் சிகரெட் கம்பெனி விளம்பரதாரர். அந்த விளம்பரங்களையும் இதே பாத்திரங்களை வைத்துத்தான் எடுத்தார்கள். அதில் ஒன்றை, அந்த ஸ்டூடியோவின் ஒரு நிமிடத்தை மட்டும் காட்டு என்று யாராவது கேட்டால் காட்டுவேன். மனைவிமார்கள் இருவரும் வியர்க்க விறுவிறுக்கத் தோட்ட வேலையும் வீட்டு வேலையும் பார்க்கிறார்கள். ஃபிரெட்டும் பார்னியும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள், பார்க்கவே முடியவில்லை என்கிறான் ஒருவன். சரி, கண்ணில் படாத இடத்துக்குப் போவோம் என்று இருவரும் வீட்டுக்குப் பின்பக்கம் போய்ச் சிகரெட் பற்றவைக்கிறார்கள்.

வேலையையும் நிறுத்தவில்லை, போய்க் கைகொடுக்கவும் இல்லை. கண்ணில் படாத இடத்துக்குப் போனார்கள்.

மேமியை டி.வி. என்ன செய்தது என்பதும், இந்தக் கற்காலப் புறநகரில் கறுப்பர் என்று சொல்ல ஒரு முக்கியப் பாத்திரம்கூட இல்லாமல் போனதும் இதே கதைதான். தொடர் ஆரம்பித்த அதே 1960 பிப்ரவரியில், கிரீன்ஸ்பரோ நகரத்தில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் வெள்ளையருக்கான உணவுக் கடையில் போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்தார்கள். 1963இல் வாஷிங்டன் பேரணி. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம். 1965 ஆகஸ்டில் இந்த ஸ்டூடியோ இருந்த அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வாட்ஸ் பகுதி எரிந்தது, 34 பேர் செத்தார்கள். ஹாலிவுட்டை ஒட்டிய கஹுவெங்கா சாலைக் கட்டடத்தில் அந்த வாரமும் ஃபிரெட் டைனோசர் வாலில் சறுக்கிக்கொண்டிருந்திருப்பான். எல்லாக் கார்ட்டூனும் போராட்டத்தைப் பற்றி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கறுப்பரைத் தப்பாகக் காட்டாதே என்ற கோரிக்கையை, கறுப்பரையே காட்டாதே என்று புரிந்துகொண்டார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

1962இல் வந்த 'தி ஜெட்சன்ஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பருவம், 24 கதைகள். ஆகாயத்தில் வீடு, பறக்கிற கார், பொத்தானை அழுத்துவதே குடும்பத்தலைவனுக்கு உத்தியோகம். அந்த எதிர்காலத்திலும் ஏப்ரன் கட்டிய ஒரு வேலைக்காரி இருக்கிறாள், ரோசி என்கிற இயந்திரப்பெண். புதுசு வாங்க வசதி இல்லாமல் பழைய மாடலை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். மேமி கடைசியாக வந்த 1952ஆம் ஆண்டுப் படத்தின் கதை நினைவுக்கு வந்தது. சோம்பேறிப் பூனைக்குப் பதிலாக ஓர் இயந்திரப் பூனையை அவள் தருவிக்கிறாள். அதோடு அவள் கதையும் முடிந்தது. பத்து வருடம் கழித்து அவளுடைய இடத்துக்கே இயந்திரம் வந்துவிட்டது. எதிர்காலத்தைக் கற்பனை செய்யச் சொன்னால் வீட்டைப் பறக்க விடுகிறார்கள், வேலைக்காரி இல்லாத வீட்டை மட்டும் கற்பனை செய்ய முடியவில்லை.

1964இல் வந்த 'ஜானி குவெஸ்ட்' தொடரில் நம்ம நாட்டுப் பையன் ஒருவன் உண்டு. ஹாட்ஜி. பதினோரு வயது, கல்கத்தா அநாதை, தலையில் மணி பதித்த தலைப்பாகை. வெள்ளை விஞ்ஞானியின் உயிரைக் காப்பாற்றியதால் அவர் தத்தெடுத்துக்கொள்கிறார். 'சிம் சிம் சலாபிம்' என்று சொல்லி மந்திரம் போடுகிறான். ஹஜ் போய்வந்தவரைக் குறிக்கிற சொல்லை எடுத்து, மகாராஜா தலைப்பாகை வைத்து, மந்திரக்காரப் பையனாக்கிவிட்டார்கள். இந்தியன் என்றால் அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அதே தொடரில் தென் அமெரிக்கக் காட்டில் நடக்கிற ஒரு கதையில், மெய்க்காவலனாக வரும் வெள்ளைக்காரன் உடம்பெல்லாம் ஊதா வண்ணம் பூசிக்கொண்டு பழங்குடி மக்களிடம் அவர்கள் சாமியாகவே நடித்து ஏமாற்றுகிறான். இது ஆக மோசம், இதற்கு வக்காலத்தே கிடையாது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கொல்லைப்படியில் உட்கார்ந்து பார்த்த எனக்கு ஹாட்ஜியைப் பிடித்தது. மந்திரத்துக்காக இல்லை. அவன் ஜானியோடு ஒரே மேசையில் உட்கார்ந்தான், ஒரே பாடம் படித்தான், ஒரே விமானத்தில் போனான். யாரும் அவனுக்குத் தனி டம்ளர் வைக்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தவர்கள் நினைத்தே பார்த்திராத ஓர் அர்த்தத்தை அந்தப் படிக்கட்டு எனக்குக் கொடுத்தது.

1970இல் கொஞ்சம் கதவு திறந்தது. செப்டம்பர் 12, ஒரே நாளில் இரண்டு தொடர்கள். ஒன்று 'ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ்', கறுப்பின கூடைப்பந்துக் குழுவை வைத்து. சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூனில் பெரும்பாலும் கறுப்பர்களே வருகிற முதல் தொடர் அது. மற்றது 'ஜோசி அண்ட் தி புஸ்ஸிகேட்ஸ்', அதில் வலெரி என்ற கறுப்பினப் பெண். கருவிகளைப் பழுது பார்ப்பவள், கூட்டத்திலேயே மூளைக்காரி அவள்தான். அந்த இடமும் சும்மா வரவில்லை. தொடரின் பாட்டுகளுக்கு டேனி ஜான்சன் என்ற இசைத் தயாரிப்பாளர் பேட்ரிஸ் ஹாலோவே என்ற கறுப்பினப் பாடகியைத் தேர்ந்தெடுத்தார். மூவரும் வெள்ளையராக இருக்கட்டும், அவரை மாற்று என்றது ஸ்டூடியோ. மாற்றமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஸ்டூடியோ இறங்கி வந்தது. ஒரு வெள்ளைக்காரர் நின்றதால் வந்த இடம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குப் பின்னால் தெருவில் பத்து வருடம் நின்றவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். 1977இல் 'சூப்பர் ஃபிரெண்ட்ஸ்' வரிசையில் பிளாக் வல்கன் என்று ஒரு வீரனைச் சேர்த்தார்கள். வெள்ளை வீரன் யாருக்கும் 'வெள்ளை' என்று பெயரில் ஒட்டு இல்லை, இவனுக்கு மட்டும் நிறமே முதல் பெயர். விடுதியில் நம்மை 'எஸ்.சி. பையன்' என்று கூப்பிட்ட மாதிரி.

திரையில் நடந்ததையே பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் சொன்னதாகும். வரைந்தவர்கள் யார்?

இவாவோ டகாமோட்டோ என்று ஒருவர். 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய ரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேரை, சொந்தக் குடிமக்கள் உட்பட, முள்வேலி முகாமில் அடைத்தது. டகாமோட்டோவின் குடும்பம் கலிபோர்னியப் பாலைவனத்து மன்சனார் முகாமுக்குப் போனது. அந்த முகாமில், அதற்கு முன் ஹாலிவுட்டில் வேலை பார்த்த கைதிகளிடம் படம் போடக் கற்றுக்கொண்டார். 1945இல் டிஸ்னியில் சேர்ந்தார், 1961இல் ஹன்னா - பார்பெராவுக்கு வந்தார். அதே ஸ்டூடியோவில் வரைந்த வில்லி இட்டோவும் சிறுவயதில் முகாமில் இருந்தவர்தான். குற்றம் இழைக்காமலே பிறப்பால் வேலிக்குள் அடைக்கப்பட்டவர்களின் கை வரைந்த கோடு, நம் வீட்டு டி.வி.வரை வந்திருக்கிறது. அதை வெறும் வெள்ளைக்காரன் சரக்கு என்று ஒரே வீச்சில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

1969இல் வந்த ஸ்கூபி டூ என்கிற நாயை வரைந்தவர் டகாமோட்டோ. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்டூடியோவில் கிரேட் டேன் நாய் வளர்க்கிற ஒரு பெண் இருந்தார். நல்ல ஜாதி நாய்க்கு என்னென்ன லட்சணம் என்று அவரிடம் போய்க் கேட்டார் டகாமோட்டோ. நேரான முதுகு, நேரான கால், சிறிய தாடை என்று அவர் அடுக்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றுக்கும் நேரெதிராக வரைந்தார். கூன் முதுகு, வளைந்த கால், பெரிய தாடை. பிள்ளைகள் ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கொண்டாடுவது இந்த லட்சணம் கெட்ட நாயைத்தான். அந்தத் தொடரில் வருகிற பேய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகமூடியைக் கழற்றினால் அநேகமாக உள்ளே நிலத்துக்கோ பணத்துக்கோ ஆசைப்பட்ட ஒரு கனவான்தான் இருப்பான். பேய் என்று சொல்லி ஊரைக் காலி பண்ணுகிறவன் யாருக்கு வேலை செய்கிறான் என்று வாராவாரம் சொல்லிக்கொடுத்த தொடர். நம் பகுத்தறிவுப் பிரச்சாரத்தில் இதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம்.

வரைந்த கோட்டைக் கண்ணாடி போன்ற தாளில் எடுத்து, மறுபக்கம் வண்ணம் பூசுகிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. யாருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. 1978இல் ஹன்னா - பார்பெராவின் துணையோடு தைவான் தலைநகர் தைபேயில் ஜேம்ஸ் வாங் ஒரு ஸ்டூடியோ தொடங்கினார். கூலி குறைவு என்பதால் வேலை அங்கே போகத் தொடங்கியது. 1979இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கார்ட்டூன் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, இங்கே ஆள் இருக்கும்போது வேலையை வெளியே அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. 1982இல் அதைக் காப்பாற்றப் பத்து வாரம் வெளியே நின்றார்கள். தோற்றார்கள். அதன்பின் தைபே, பிறகு மணிலா என்று வேலை பெருகியது. ஒரு டெலிபோன் அழைப்பில் வேலை இழந்த இருவர் தொடங்கிய கம்பெனி இது. தோற்ற அமெரிக்கத் தொழிலாளிக்காக நான் வருந்துகிறேன். தைபேயில் கண் நோக வண்ணம் பூசிய பெண்ணையும் நினைக்கிறேன். வாயை மட்டும் அசைக்கிற யோகியின் அசையாத உடம்புக்கு வண்ணம் பூசியவர்களும் அப்படிக் கழுத்துக்குக் கீழே இருந்தவர்கள்தான்.

1991இல் ஸ்டூடியோ டர்னர் கைக்குப் போனது. 1992இல் அதன் பழைய சரக்கை மூலதனமாக வைத்துத்தான் கார்ட்டூன் நெட்வொர்க் தொடங்கியது. ஹன்னா 2001இலும் பார்பெரா 2006இலும் இறந்தார்கள்.

சென்ற மாதம் 'சாட்டர்டே ஈவினிங் புஸ்' படத்தின் வெட்டாத பிரதியை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தெருவில் ஓடி வருகிற இடத்தில் கண் இமைக்கிற நேரத்துக்கு அவள் முகம் தெரிகிறது. வரைந்தவர்கள் கவனிக்காமல் விட்டார்களோ, வேண்டுமென்றே விட்டார்களோ. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"யாருடி அது?"

"நம்ம ரெண்டு செருப்பும்மா. டாம் ஆயா."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். மறுபடி போடச் சொன்னார்.

"மூஞ்சி நல்லாத்தானே இருக்குது, இத்தன நாளு எதுக்கு மறைச்சி வச்சானுங்க?" என்றார். பிறகு, "எதுக்கு இப்பிடி ஓடுறா, சீட்டாட்டம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.